இருபத்தொன்பதாம் நாள்

முத்துப்பேட்டையில், கோரையாற்றுக்கு முந்நூறடி தள்ளி
மூடிக்கிடக்கும் ஐஸ் கம்பெனியை
மதிப்பிடப் போனேன்.
கையில் டேப், சுவர் தட்டிப் பார்க்கச் சுத்தியல்,
வங்கி கொடுத்த நாலு பக்கப் படிவம்.

முதல் கேள்வி: கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்?
அமோனியா வாசம் இருந்தது.
குளிர்க்குழாய்க்குள் ஓணான் இருந்தது.
'காலி' என்று எழுதினேன்.

மைமூன் நாச்சியா ஸ்கூட்டியை நிறுத்தினார்.
ஏலத்தில் எடுத்த கட்டடம்.
தில்லைவிளாகத்து இறால் குட்டைகளுக்கு வாங்கிய கடனுக்கு
இதுதான் அடமானம்.

விதியைச் சொன்னேன்:
வெள்ளக் காப்பீடு இல்லாமல் கடன் புதுப்பிக்க முடியாது.
காப்பீட்டுக்காரர் விதியையும் சொன்னேன்:
முப்பது நாள் ஆளில்லாமல் கிடந்தால்
பாலிசி செல்லாது.

"வெள்ளம் என்ன வாடகைக்கா வருது,
உள்ள ஆள் இருக்கான்னு கேட்டுட்டு நுழைய?"

நிலத்துக்கு வேண்டாம்,
கட்டடத்துக்கு மட்டும்தான், என்றேன்.
நிலத்தைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகாது
என்பது எங்கள் கணக்கு.

"அலையாத்திக்கு அந்தாண்ட ஒரு நாள் வாங்க.
போன நிலத்துக்கெல்லாம் பட்டா வச்சிருக்காங்க,
வாங்கிப் பாக்கலாம்."

சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கோடு.
அளந்தேன்: மூன்றடி இரண்டங்குலம்.
நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன்
(இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை).
உப்பு.

"கடலா?"
"கடலா இருக்கும். ஆறு எதுக்க ஏறி வந்ததா இருக்கும்.
இல்லாட்டி எங்க தொட்டி உடைஞ்ச அன்னிக்கு நின்னதா இருக்கும்.
உப்புத் தண்ணிக்குள்ள டின்னை இறக்கித்தானே ஐஸ் பிடிப்பாங்க."

கடலென்றால் ஒரு பிரிவு.
ஆறென்றால் ஒரு பிரிவு.
தொட்டி என்றால் பிரிவே இல்லை.
இந்த உப்பு யாருடையது என்று
சுவரைத்தான் கேட்க வேண்டும்.

"தண்ணியைப் பாளம் பாளமா வித்த இடம் சார்.
இப்ப தண்ணிக்குப் பயந்து பணம் கட்டச் சொல்றீங்க."

கொஞ்ச நேரம் செல்போனில் கூட்டிக் கழித்தார்.
"இடிச்சிட்டா?"

இடித்துவிட்டால் பாலிசி கேட்க மாட்டார்கள்.
வெறும் மனையே கடனுக்குப் போதும்.
இது சரியான பதில்.
பன்னிரண்டு வருஷமாகச் சுவர்களுக்கு விலை போடுகிறவன்,
இல்லாத சுவருக்குத்தான் செலவு குறைவு
என்று சொல்ல வாய் வரவில்லை.
எப்படியும் அவரே கண்டுபிடித்திருப்பார்:
இடிக்கிற கூலி பிரீமியத்தைப் போல் பதினோரு மடங்கு.

பிரீமியம் கட்டினார்.
ரசீதை மூன்றாக மடித்து
ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் போட்டார்.

அதிலிருந்து இருபத்தொன்பது நாளைக்கு ஒரு முறை
எனக்கு வாட்ஸாப்பில் ஒரு படம் வரும்.
எமர்ஜென்சி விளக்கு, பாய்,
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் அன்றைய செய்தித்தாள்,
தேதி தெரியும்படி.
கீழே: 'ஆள் இருக்கு.'

ஆவணியில் அண்ணன் மகன் கொசுவலையோடு படுத்திருந்தான்.
புரட்டாசியில் அவரே,
குட்டைக்குத் தீனிக் கணக்கு எழுதிக்கொண்டு.
நான் கட்டைவிரலை உயர்த்தி அனுப்புவேன்.
கோப்பில் ஏற்றுவேன்.

ஐப்பசி கடைசியில், நாலு நாள் மழைக்குப் பிறகு,
விடிகாலை மூன்றரைக்கு வந்தது.
பாய் இல்லை. செய்தித்தாள் இல்லை.
ஆள் இருக்கு என்பது மட்டும் இருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
விளக்குக்கு நேர் கீழே
இன்னொரு விளக்கு எரிந்தது,
கொஞ்சம் நடுங்கி.

நாற்காலிக்கு
எட்டுக் கால்கள்.